ஓடுபாதையில் கரைந்த விளக்கு

1991 பிப்ரவரி 1ஆம் நாள் மாலை ஆறு மணி கடந்து, இருள் கவிந்த வேளையில், லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்றில் ஸ்கைவெஸ்ட் நிறுவனத்தின் மெட்ரோலைனர் என்னும் சிறு விமானம் காத்து நின்றது. பாம்டேல் செல்லவிருந்த 10 பயணியரும் இரு விமானிகளும் அதில் இருந்தனர். சிறு விமானம் மேலெழ ஓடுபாதையின் முழு நீளமும் தேவையில்லை. ஆகவே, சற்று உள்ளே தள்ளிக் குறுக்கிடும் டாக்ஸிவே வழியாக ஊர்ந்து வந்து, புறப்படும் அனுமதியை அது எதிர்நோக்கியிருந்தது. அன்றாட வழக்கந்தான். ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் கழிந்தன. வேறு விமானங்களைத் தொடர்புகொள்வதில் மூழ்கியிருந்த கட்டுப்பாட்டாளர், அதே ஓடுபாதையில் இறங்க யுஎஸ்ஏர் நிறுவனத்தின் போயிங் 737க்கு அனுமதி அளித்துவிட்டார்.

போயிங் தரை தொட்டு மூக்கைத் தாழ்த்தியபோதுதான் விமானிகள் முன்னால் நின்றதைக் கண்டனர். மெட்ரோலைனரில் இருந்த 12 பேரும் மாண்டனர்; மொத்த உயிரிழப்பு 30ஐத் தாண்டியது. தீயணைப்பு வீரர்களுக்கு முதலில் ஒரு விமானம் எரிவதாகவே தோன்றியது. இடிபாடுகளில் கிடந்த சுழலியே மற்றொன்றைக் காட்டிக்கொடுத்தது: போயிங் 737க்குச் சுழலிகள் கிடையா.

வானம் தெளிவாக இருந்தும் விமானம் எப்படித் தென்படாமற் போயிற்று? ஓடுபாதையின் நடுக்கோட்டு விளக்குகள் வெண்மை; விமானத்தின் வால் விளக்கும் வெண்மை. பின்னிருந்து நோக்குபவருக்கு அது மேலும் ஒரு தரைவிளக்கு. பளிச்சிடும் விளக்குகளையோ, புறப்பட அனுமதி கிடைத்த பின்னரே ஏற்றும் பழக்கம் இருந்தது. உள்ளே அமர்ந்திருப்போருக்கும் பின்னால் வருவது தெரியாது. கோபுரத்திலிருந்து பார்த்தாலும் நிலைய விளக்குக் கம்பங்களின் கூச்சம் அவ்விடத்தை மறைத்தது. தரை ரேடாரும் அன்று பழுதுபட்டிருந்தது. கட்டுப்பாட்டாளர் ஒருவரின் மறதி என்று இதைச் சுருக்குவது நியாயமன்று. அம்மறதியைத் தடுத்து நிறுத்த வேறொரு காப்பு அங்கே இருக்கவில்லை என்பதையே விசாரணையும் குறை கூறியது.

பின்னர் அமெரிக்காவில், இரவில் இத்தகைய சந்திப்புகளில் விமானத்தை ஓடுபாதையேற்றி நிறுத்துவது பொதுவாகத் தடைசெய்யப்பட்டது. ஆயினும் 1994 நவம்பர் 22 இரவு, செயின்ட் லூயிசில் செஸ்னா 441இன் விமானி, தமக்கு ஒதுக்கப்பட்டதை விடுத்து, தாம் முன்பு வந்திறங்கிய ஓடுபாதைக்கே ஊர்ந்து சென்றார். மேலெழ விரைந்து வந்த எம்டி-82 மோதி, செஸ்னாவில் இருந்த இருவரும் இறந்தனர். இங்கே பிழை கோபுரத்தினுடையதன்று. கண்ணுக்குப் புலப்படாமை மட்டும் அதேதான்.

2024 ஜனவரி 2ஆம் நாள், நிலநடுக்க நிவாரணப் பொருள்களுடன் புறப்படவிருந்த ஜப்பானியக் கடலோரக் காவற்படையின் டாஷ்-8, டோக்கியோ ஹனேடாவில் ஓடுபாதையேறி சுமார் 40 விநாடிகள் நின்றது. இறங்கிய ஏர்பஸ் ஏ350இன் விமானிகள் அதனைக் காணவில்லை. ஏர்பஸ்ஸின் 379 பேரும் தப்பினர்; காவற்படையின் அறுவரில் ஐவர் இறந்தனர். ஓடுபாதையின் வாயிலில் விமானங்களை நிறுத்தும் சிவப்பு விளக்கு வரிசை அப்போது பராமரிப்புக்காக இயங்காமல் இருந்தது. இயங்கியிருப்பினும், பார்வைத் தெளிவு குன்றிய நேரங்களிலேயே அதனை ஏற்றுவது அங்கு வழக்கம். அன்றைய மாலை தெளிவாக இருந்தது.