ஸ்பிட்ஸ்பெர்கனில் இறங்கியவர்கள்

கப்பல் நங்கூரம் போட்டாயிற்று. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கடைத்தெரு கிடையாது, மரம் கிடையாது, பாதை கிடையாது, ஆள் நடமாட்டமும் கிடையாது. கோடையில் நான்கு மாதம் சூரியன் மறைவதே இல்லை என்பதால், இருட்டிவிட்டது என்று சாக்குச் சொல்லித் திரும்பவும் வழியில்லை. இங்கே இறங்கி என்னதான் செய்வது?

வடதுருவத்திலிருந்து ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். அதில் பெரிய தீவு ஸ்பிட்ஸ்பெர்கன். உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் அங்கே போகத் தொடங்கி நூற்று முப்பது வருடங்கள் ஆகின்றன. மேற்படி கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் தனக்கென்று ஒரு பதில் வைத்திருந்தது. பழைய பதில்களில் பல இன்றைக்குத் தண்டனைக்குரிய குற்றங்கள்.

1596-இல் டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ் இந்தத் தீவைப் பார்த்துவிட்டுப் போனார். பின்னாலேயே திமிங்கில வேட்டைக்காரர்கள் வந்தார்கள். திமிங்கிலக் கொழுப்பை உருக்கினால் எண்ணெய். ஐரோப்பாவின் விளக்குகளுக்கும் சோப்புக்கும் அது வேண்டியிருந்தது. வடமேற்கு மூலையில் ஆம்ஸ்டர்டாம் தீவின் மணல்திட்டில் டச்சுக்காரர்கள் ஸ்மீரன்பர்க் என்ற கொழுப்பு உருக்கும் முகாமைப் போட்டார்கள். முகாம் அழிந்தபின் கதை மட்டும் வளர்ந்தது. ஆயிரக்கணக்கான பேர் வாழ்ந்த நகரம், தேவாலயம், ரொட்டிக் கடைகள், இன்னும் சொல்லக்கூசும் கேளிக்கைகள் என்று பிற்கால எழுத்தாளர்கள் எழுதித் தள்ளினார்கள். 1979 முதல் 1981 வரை லவ்ரென்ஸ் ஹாக்கபோர்ட் என்ற டச்சுத் தொல்லியலாளர் தோண்டிப் பார்த்தார். பதினாறு, பதினேழு கட்டடங்கள். மிஞ்சிப்போனால் இருநூறு ஆட்கள். அவ்வளவுதான் நகரம். கொழுப்பு வழிந்து மணலோடும் சரளையோடும் இறுகி, சிமென்ட் மாதிரி கெட்டித்துப்போன அடுப்படிகள் மட்டும் வட்ட வட்டமாக இன்றும் அங்கே கிடக்கின்றன. இன்றைய பயணிக்கு வழிகாட்டி முதலில் காட்டுவது அவற்றைத்தான். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அடுப்புக்கரியைப் பார்க்க இத்தனை தூரம் கப்பலேறுவதா என்று முதலில் தோன்றும். குனிந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

வேட்டைக்காரர்கள் விட்டுப்போன இன்னொன்று கல்லறை. மக்தலேன ஃபியோர்ட் என்ற கடற்கழியில் ஒரு சிறு முனையில் மட்டும் சுமார் 130 பேர் புதைந்திருக்கிறார்கள். நிலத்துக்கடியில் எப்போதும் உறைபனி. மேல்மண் வருடந்தோறும் உருகி உறைய, ஆழமில்லாமல் புதைத்த சவப்பெட்டியை அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிவிடும். அந்தக் குளிரில் துணிகூட லேசில் மக்காது. 1980-இல் வேறொரு தீவில் டச்சு ஆய்வாளர்கள் 185 கல்லறைகளைத் திறந்தபோது, செத்தவர்கள் தலையில் கம்பளிக் குல்லாய் அப்படியே இருந்தது. ஒரு குல்லாயின் கோடு மற்றொன்றில் இல்லை. குளிருக்குக் கண் மட்டும் தெரியும்படி மூடிக்கொண்டவர்கள், ஒருவரையொருவர் குல்லாயின் நிறத்தை வைத்தே அடையாளம் கண்டிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

பிழைப்புக்காக இல்லாமல் சும்மா பார்க்க வந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தலைகாட்டுகிறார்கள். 1839-இல் ‘ல ரெஷெர்ஷ்’ என்ற பிரெஞ்சு ஆய்வுக் கப்பலில், பியார் என்ற ஓவியரோடு லெயோனி தோனே மக்தலேன ஃபியோர்டில் வந்திறங்கினார். இளம்பெண். ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு வந்ததாக நமக்குத் தெரிந்த முதல் பெண்மணி அவர்தான். 1854-இல் அந்தப் பயணத்தைப் புத்தகமாகவும் எழுதினார். 1856-இல் ‘ஃபோம்’ என்ற சொந்தப் பாய்க்கப்பலில் வந்தார் டஃப்ரின் பிரபு, அப்போது வயது முப்பது. கரையில் இறங்கியவர் கண்ணில் பட்டது, பாதி திறந்துகிடந்த ஒரு டச்சு மாலுமியின் சவப்பெட்டி. இதே டஃப்ரின்தான் 1884-இல் இந்தியாவின் வைஸ்ராயாக வந்தார். காங்கிரஸ் பிறந்ததும் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்க்கப்பட்டதும் அவர் காலத்தில்தான்.

பிரபுக்களுக்குச் சொந்தக் கப்பல் இருந்தது. டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்காக வியாபாரம் தொடங்கியது 1890-களில். அதில் முன்னோடி வில்ஹெல்ம் பாடே என்ற ஜெர்மானியர். 1869-இல் ஜெர்மன் துருவப் பயணத்தில் போன ‘ஹன்சா’ கப்பலின் அதிகாரிகளில் ஒருவர் அவர். கிரீன்லாந்துக் கரையோரம் பனி நெருக்கியதில் அந்தக் கப்பல் நொறுங்கி முங்கியது. மாலுமிகள் ஒரு மிதக்கும் பனித்தட்டில் நிலக்கரிக் கட்டிகளை அடுக்கிக் குடிசை கட்டிக்கொண்டு, ஏறக்குறைய இருநூறு நாள் தெற்கே மிதந்துபோய் உயிர் தப்பினார்கள். அப்படித் தப்பியவர்தான் இருபது வருடம் கழித்து, வசதியுள்ள ஜெர்மானியர்களைப் பனி பார்க்கக் கூட்டிப்போகும் தொழிலைத் தொடங்கினார். விளம்பரத்துக்கு இவரைவிடப் பொருத்தமான ஆளும் கிடையாது, பொருந்தாத ஆளும் கிடையாது.

நார்வேக்காரர்கள் ஒருபடி மேலே போனார்கள். ரிச்சர்ட் வித் நடத்திய வெஸ்டெரோலன் கப்பல் கம்பெனி 1896-இல் ஸ்பிட்ஸ்பெர்கனின் அட்வென்ட் விரிகுடா முனையில் ஒரு ஓட்டலையே கட்டியது. ஹம்மர்ஃபெஸ்டிலிருந்து வாரம் ஒரு கப்பல். 1897-இல் அந்தத் தடத்தில் ஓடிய ‘லோஃபோட்டன்’ கப்பலுக்குத் தலைவர் ஓட்டோ ஸ்வெர்ட்ரூப். துருவ ஆய்வாளர் நான்சனின் ‘ஃபிராம்’ கப்பலை மூன்று வருடம் துருவப்பனியில் காப்பாற்றி முந்தின ஆகஸ்டில்தான் வெளியே கொண்டுவந்திருந்த அதே மனிதர். ஓட்டல் நிலைக்கவில்லை, ஒன்றிரண்டு கோடையோடு மூடிவிட்டார்கள். முனைக்கு மட்டும் ஓட்டல் முனை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

1896, 1897 கோடைகளில் பயணிகளுக்குப் பெரிய வேடிக்கை ஒன்று கிடைத்தது. வடமேற்கே டேன்ஸ் தீவின் விர்கோ துறையில் ஸ்வீடன் நாட்டு எஸ். ஏ. ஆந்த்ரே ஒரு மரக்கொட்டகை கட்டி, உள்ளே ராட்சதப் பலூன் ஒன்றை ஊதிவைத்துக்கொண்டு காத்திருந்தார். அதிலேறித் துருவத்தைக் கடப்பது திட்டம். 1896-இல் தெற்குக் காற்று வரவேயில்லை. பனியிலிருந்து விடுபட்டு வந்த ‘ஃபிராம்’ அங்கே வந்து நின்றபோதும் ஆந்த்ரே காற்றுக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தார். மறுவருடம் ஜூலை 11 அன்று ஸ்ட்ரிண்ட்பெர்க், ஃப்ரெங்கெல் என்ற இரண்டு இளைஞர்களோடு ஏறிப் பறந்தவர் திரும்பவில்லை. மூவரின் எச்சங்களும் 1930-இல்தான் கிழக்கே க்விட்டோயா தீவில் கிடைத்தன.

ஆந்த்ரே போனபின் விர்கோ துறை உண்மையிலேயே சுற்றுலாத் தலமானது. அதாவது, இறங்கியவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துப்போகும் தலமானது. கொட்டகையின் மரத்துண்டு, உடைந்த ஜாடியின் ஓடு என்று ஆளுக்கொன்று. இதே இடத்தில்தான் 1906 முதல் 1909 வரை அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் வெல்மன் ஆகாயக் கப்பலில் துருவம் போகப் பார்த்துத் தோற்றார். ஹைட்ரஜன் தயாரிக்கக் கொண்டுவந்த இரும்புத்தூள் இன்னும் அங்கே குவியலாகத் துருப்பிடித்துக் கிடக்கிறது. கனமாக இருந்ததால் அது தப்பியது. இன்று விர்கோ துறையில் கால் வைக்க வேண்டுமானால் ஸ்வால்பார்ட் ஆளுநரின் முன் அனுமதி வேண்டும்.

கரை இறங்கிய பயணிகளில் எல்லாரையும்விட அதிகமாக எடுத்துப்போனவர் ஜான் மன்ரோ லாங்இயர். மிச்சிகனில் நிலத்திலும் சுரங்கத்திலும் பணம் சேர்த்தவர். 1901 கோடையில் குடும்பத்தோடு ஜெர்மானிய உல்லாசக் கப்பல் ‘அகஸ்டே விக்டோரியா’வில் ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு வந்தார். மற்றவர்கள் பனியாற்றைப் பார்த்தபோது இவர் மலைச்சரிவில் நிலக்கரிப் படுகையைப் பார்த்தார். அப்போது இந்தத் தீவுகள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. பலகை நட்டு எல்லை குறித்தால் உரிமை கொண்டாடலாம். பாஸ்டன் நகரத்து ஃப்ரெடரிக் ஏயரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 1906-இல் ஆர்க்டிக் நிலக்கரிக் கம்பெனியைத் தொடங்கினார். சுரங்கத்தைச் சுற்றி முளைத்த குடியிருப்புக்கு அவர் பெயரே வந்தது. 1916-இல் நார்வேயின் ஸ்டோர நோர்ஸ்க கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. இன்று இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் வாழும் லாங்இயர்பியென் உருவான கதை இது. ஸ்வால்பார்ட் வரும் கப்பல்கள் எல்லாம் தேடிவரும் தலைநகரமே ஒரு கப்பல் பயணியின் விடுமுறையிலிருந்து பிறந்தது.

எல்லாருக்கும் அப்படி வாய்த்துவிடவில்லை. எர்னெஸ்ட் மான்ஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் கிங்ஸ் விரிகுடாவில் பளிங்குக்கல் கண்டுபிடித்தார். 1911 வாக்கில் இயந்திரங்களும் கொதிகலனும் வந்திறங்கின, வீடுகள் எழுந்தன. உறைபனி ஏற்கெனவே உள்ளுக்குள் பிளந்து வைத்திருந்த கல் அது. இறுகியிருந்தவரை பளிங்கு, வெட்டி எடுத்து உருகியதும் நொறுங்கல். கொதிகலனும் தண்டவாளமும் அங்கேயே கிடக்கின்றன, படம் எடுக்கத் தோதாக.

அதற்கு எதிர்க்கரையில் நீ-ஓலெசுண்ட். இதுவும் நிலக்கரி ஊர்தான். ஊரோரத்தில் ஆகாயக் கப்பலைக் கட்டிவைத்த இரும்புக் கம்பத்தைப் பார்க்கத்தான் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள். 1926 மே 11 அன்று துருவப் பயணிகள் அமுண்ட்சென், எல்ஸ்வொர்த், நோபிலே மூவரும் ‘நோர்கே’ ஆகாயக் கப்பலில் இங்கிருந்து கிளம்பி, மறுநாள் துருவத்தைக் கடந்து அலாஸ்காவில் இறங்கினார்கள். இரண்டு வருடம் கழித்து நோபிலேயின் ‘இத்தாலியா’ விழுந்தபோது, அவரைத் தேடி விமானத்தில் புறப்பட்ட அமுண்ட்சென் காணாமலே போனார். 1962 நவம்பரில் சுரங்க வெடிப்பில் 21 பேர் இறந்தார்கள். அந்த விவகாரம் மறுவருடம் நார்வே அரசாங்கத்தையே கவிழ்த்தது. சுரங்கமும் மூடியது.

இப்போது அது ஆராய்ச்சி ஊர். 2008 ஜூலை 1 அன்று இந்தியாவும் அங்கே ‘ஹிமாத்ரி’ நிலையத்தைத் திறந்தது. கப்பல் வரும் நேரத்துக்குக் கடை திறக்கும். அஞ்சலட்டை வாங்கி, முத்திரை குத்தி வீட்டுக்குப் போடலாம். ஒரு நிபந்தனை உண்டு. வானலைகளைக் கேட்கும் தொலைநோக்கி அங்கே இருப்பதால் கைபேசியின் வைஃபை, புளூடூத் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

கரை இறங்கித் துப்பாக்கி எடுப்பதும் நெடுங்காலம் பொழுதுபோக்காகவே இருந்தது. ரெயின்டீர் மான்கள் அற்றுப்போகும் நிலைக்கு வந்தபின் 1925-இல் தடை வந்தது. வால்ரஸுக்கு 1952-இல். பனிக்கரடிக்கு 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் கரடித் தோலுக்காகவே கட்டணம் கட்டி வந்த பயணிகள் கப்பல் தளத்தில் நின்றபடி சுட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றும் வழிகாட்டி தோளில் துப்பாக்கியோடுதான் முதலில் இறங்குகிறார். கரடி தென்பட்டால் பயணிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு விலகிவிடுவது அவர் வேலை. சுடுவது வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

பனி தன் பங்கைக் காட்டியதும் உண்டு. 1989 ஜூன் 20 நள்ளிரவை ஒட்டி, ‘மாக்சிம் கார்க்கி’ என்ற சோவியத் கப்பல் ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு மேற்கே கடற்பனியில் மோதி நீர் புகுந்து சாய்ந்தது. பயணிகள், ஊழியர்கள் சேர்த்து 950-க்கு மேற்பட்டவர்கள். உயிர்காப்புப் படகிலும் பனித்தட்டுகள் மேலும் காத்துக்கிடந்தவர்களை நார்வே கடலோரக் காவல் கப்பல் ‘சென்யா’ வந்து மீட்டது. ஒருவரும் சாகவில்லை. அதே கப்பல் பழுது பார்க்கப்பட்டு, அந்த டிசம்பரில் மால்டாவில் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் சந்தித்துப் பேசும் இடமானது.

சட்டம் மெதுவாகத்தான் இறுகியது. 1946-க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவானாலும், துருப்பிடித்த ஆணியானாலும், அது பாதுகாக்கப்பட்ட சின்னம். 2022-இலிருந்து கரிய கனரக எண்ணெயில் ஓடும் கப்பல்களுக்கு ஸ்வால்பார்ட் முழுக்கத் தடை. 2025 ஜனவரி 1 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் 200 பயணிகளுக்கு மேல் உள்ள கப்பல் வரக்கூடாது. அங்கே இறங்க அனுமதி 43 இடங்களில் மட்டும். கரடியிடமிருந்து 300 மீட்டர், வசந்தகாலத்தில் 500 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேலாகப் பெரிய கப்பல்கள் கும்பல் கும்பலாக ஆட்களை இறக்கிவந்த மக்தலேன ஃபியோர்ட் கல்லறை முனை இதனால் அவற்றுக்கு மூடப்பட்டது. கம்பெனிகள் முணுமுணுத்தன. முணுமுணுப்பில் ஓரளவு நியாயமும் இருக்கிறது: சின்னக் கப்பலில் போக எல்லாராலும் முடியாது; விதி இறுக இறுக, ஆர்க்டிக் மறுபடி பிரபுக்களின் கரையாகிறது.

சின்னக் கப்பலில் போகிறவர்களுக்கு இப்போது புதிய வேலையும் வந்திருக்கிறது: குப்பை பொறுக்குவது. மீன்வலை, கயிறு, பிளாஸ்டிக் என்று ஆளில்லாத கரைகளில் கடல் கொண்டுவந்து ஒதுக்குவதைப் பயணிகள் மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். எடுப்பதற்கு முன் வழிகாட்டியைக் கேட்க வேண்டும். மீன்வலையின் பழைய மிதவை 1946-க்கு முந்தையதாகவும் இருக்கலாம். அப்படியானால் அது குப்பையல்ல, சின்னம், தொடக்கூடாது. சைபீரிய ஆறுகளிலிருந்து மிதந்துவந்து வெளுத்துக் கிடக்கும் மரக்கட்டைகளையும் விட்டுவிட வேண்டும்.

பெரிய கப்பலில் வருகிறவர்களுக்கு லாங்இயர்பியென் இருக்கிறது. அதன் கடைசி நிலக்கரிச் சுரங்கமான ஏழாம் எண் 2025 ஜூன் இறுதியில் மூடியது. 1996-இலேயே வேலை நின்றுபோன மூன்றாம் எண் சுரங்கம், ஓட்டல் முனைக்கு நேர் மேலே மலைச்சரிவில் இருக்கிறது. அந்த முனையில் இப்போது விமான நிலையம். கட்டணம் செலுத்தினால் மேலங்கியும் விளக்கு வைத்த தலைக்கவசமும் தருவார்கள். ஆட்கள் படுத்தபடி கரி வெட்டிய தாழ்வான பொந்துகளை எட்டிப் பார்க்கலாம், விருப்பமிருந்தால் ஊர்ந்தும் பார்க்கலாம்.