விழுந்த இடம் தேடி

பலூனை மேலே அனுப்புவதில் பெரிய சூரத்தனம் ஒன்றுமில்லை. ஹைட்ரஜனை நிரப்பிக் கயிற்றை விட்டால் அது தன்பாட்டுக்குப் போகும். போனது எங்கே விழுந்தது, கட்டி அனுப்பிய கருவி யார் கையில் கிடைத்தது, உடையாமல் திரும்பி வருமா? 1890களிலிருந்து இந்த வேலையின் தலைவலியெல்லாம் இதில்தான்.

ஆளே ஏறிப்போய் மேல்வளியை அளந்து வந்தால் என்ன என்று முதலில் நினைத்தார்கள். 1875 ஏப்ரலில் 'ஜெனித்' பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் எட்டாயிரம் மீட்டருக்கு மேல் போனார்கள். இருவர் ஆக்சிஜன் போதாமல் கூடையிலேயே இறந்துவிட்டார்கள். உயிரோடு இறங்கியவருக்குக் காது போயிற்று. ஆளைக் கீழேயே நிறுத்திவிட்டுக் கருவியை மட்டும் அனுப்பலாம் என்ற யோசனையைப் பாரிசில் செயலில் காட்டியவர்கள் குஸ்தாவ் எர்மித், ஜார்ஜ் பெசான்சோன் என்ற இரண்டு பலூன் பித்தர்கள். 1892இல் சிறிய காகித பலூன்களில் அஞ்சலட்டைகளைக் கட்டி விட்டுப் பார்த்தார்கள். கண்டெடுத்தவர்கள் அட்டையில் இடத்தை எழுதித் தபாலில் போட்டார்கள். அந்தத் தைரியத்தில், 1893 மார்ச் 21 அன்று மாட்டுக்குடல் சவ்வால் ஆன 113 கன மீட்டர் பலூன் ஒன்றை ஏற்றினார்கள். அது ஏறக்குறைய 15 கி.மீ. உயரம் தொட்டுவிட்டு, பாரிசுக்குத் தென்கிழக்கே யோன் மாவட்டத்தில் இறங்கியது. வெப்பநிலை மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போனபோது பதிவு முள்ளின் மை உறைந்து கோடு நின்றுபோயிருந்தது. இன்னும் மேலே போனதும் வெயில் கருவியைச் சூடாக்க, மை இளகி முள் மறுபடி எழுதத் தொடங்கியிருந்தது!

மை தந்த பாடத்தைப் பின்னால் வந்தவர்கள் மறக்கவில்லை. வெயில் தந்த பாடம் இன்னும் முக்கியமானது. பாரிசுக்கு அருகே திராப் என்ற ஊரில் சொந்தப் பணத்தில் ஆய்வகம் கட்டிய தெய்சரான் த போர், 11 கி.மீ.க்கு மேல் வெப்பம் குறைவது நின்றுவிடுவதைக் கண்டார். அவரே அதை முதலில் நம்பவில்லை. கருவியில் வெயில் பட்டதால் வந்த கோளாறாக இருக்கும் என்று இரவிலும் பலூன் விட்டார். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் மறைவில் வைத்து ஏற்றுவதற்குத் திருப்பி வைக்கக்கூடிய கொட்டகை ஒன்றையும் கட்டினார். 11 கி.மீ.யைத் தாண்டிய 236 பலூன்களின் பதிவுகளை வைத்துக்கொண்டுதான் 1902 ஏப்ரலில் வாய் திறந்தார். ஸ்ட்ராட்டோஸ்பியர் என்று பாடப்புத்தகத்தில் நாம் படிக்கும் அடுக்கு கிடைத்தது இப்படித்தான். ஏறக்குறைய அதே நாட்களில் பெர்லினில் ரிச்சர்ட் அஸ்மான் அதே முடிவை அறிவித்தார். அவர் பயன்படுத்தியது ரப்பர் பலூன். உயரம் போகப்போக உப்பி, ஒரு கட்டத்தில் வெடித்து, கருவி பாராசூட்டில் இறங்கும். இன்றைய பொழுதுபோக்குக்காரர்கள் விடும் பலூன் இதன் நேர் வாரிசு.

இந்தியாவில் இந்த வேலைக்கு ஆக்ராதான் தலைமையிடமாக இருந்தது. 1914இல் ஜே.எச். ஃபீல்ட் அங்கே மேல்வளி ஆய்வகத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்து டைன்ஸ் வகைக் கருவியில் மையே கிடையாது. தபால்தலை அளவுள்ள உலோகத் தகட்டில் ஒரு முனை மெல்லக் கீறிக்கொண்டே போகும். தகடு திரும்பி வந்ததும் நுண்ணோக்கியில் வைத்துப் படிப்பார்கள். அது வரவேண்டுமே! அதற்காகக் கருவியோடு ஒரு சீட்டும் போகும்: கொண்டுவந்து கொடுப்பவருக்கு இனாம் உண்டு. வானிலை மேதைகளின் கணக்கெல்லாம் கடைசியில் வயலில் நிற்கிற ஒருவரின் நல்ல மனதை நம்பியே இருந்தது.

அந்தத் தகடுகளிலிருந்து பெரிய விஷயம் ஒன்றைப் பிரித்தெடுத்தவர் பாலக்காடு கல்பாத்திக்காரரான கே.ஆர். ராமநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்து, வானிலைத் துறையில் சேர்ந்தவர். ஆக்ரா, படேவியா (இன்றைய ஜகார்த்தா) முதலிய இடங்களின் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 1929இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அவர் கண்ட கடுங்குளிர் துருவத்துக்கு மேலே இல்லை. வெயில் கொளுத்தும் நிலநடுக்கோட்டுக்கு மேலே, ஏறக்குறைய 17 கி.மீ. உயரத்தில் இருந்தது.

அதே 1929 ஜனவரியில், அதே திராப் ஊரில், ரொபேர் பூரோ பலூனில் ஒரு வானொலி அனுப்பியைக் கட்டிவிட்டார். அளவு அந்தந்த நொடியே காதுக்கு வந்துவிட்டது. 1940களில் இந்தியாவும் ரேடியோசோண்ட் எனப்படும் இத்தகைய கருவியைச் சொந்தமாகச் செய்துகொண்டது: பூனாவில் எஸ்.பி. வெங்கிடேஸ்வரன் வடிவமைத்தது விசிறி சுழன்று இயங்கும் வகை, ஆக்ராவில் ஜி. சட்டர்ஜி செய்தது கடிகார வகை. சீட்டுக்கும் இனாமுக்கும் அவசியம் குறைந்தது. கருவி எங்கே விழுந்தால் என்ன, சேதி வந்துவிட்டதே.

தேடலுக்கு மறுபடி உயிர் கொடுத்தது கேமரா. பொழுதுபோக்குக்காகப் பலூன் விடுகிற அமெச்சூர்களுக்கு வேண்டியது எண் அல்ல, படம். அதுவும் துல்லியமான படம். அதை வானொலியில் அனுப்புவதைவிடப் பெட்டியைப் போய் எடுத்துக்கொள்வது சுலபம். 1987 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஹாம் ரேடியோக்காரர் ஒருவர் பலூன் விட்டதிலிருந்து அங்கே இது ஒரு பொழுதுபோக்காக வளர்ந்தது. 2000 மே மாதம் பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியதும் வேலை இன்னும் எளிதாயிற்று. 2009 செப்டம்பரில் எம்.ஐ.டி. மாணவர்கள் ஒரு தெர்மகோல் பெட்டி, பழைய கேனன் கேமரா, ஜிபிஎஸ் உள்ள மலிவு செல்போன் ஆகியவற்றை வைத்து, சுமார் 150 டாலர் செலவில் ஏறக்குறைய 28 கி.மீ. உயரத்திலிருந்து பூமியின் வளைவைப் படம்பிடித்தார்கள்.

இதில் புதிதாக இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. ஏவுகணையில் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காகப் பல ஜிபிஎஸ் சில்லுகள் 18 கி.மீ.க்கு மேல் வாயை மூடிக்கொள்ளும். பலூன் அதற்கு மேலேதான் வெடிக்கிறது. சில்லை 'பறக்கும் நிலை'க்கு மாற்றாமல் அனுப்பினால், மிக முக்கியமான நேரத்தில் பெட்டி எங்கே என்றே தெரியாது. நம் ஊரில் இதைவிடப் பெரிய வேலை வான்போக்குவரத்துக்காரர்களிடம் அனுமதி வாங்குவது. ஆனாலும் இங்கேயும் பலூன்கள் போகாமல் இல்லை: சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு பலூனில் 30 கி.மீ. உயரத்தில் தேசியக்கொடியை விரித்த காட்சி 2022 சுதந்திர தினத்தன்று வெளியானது.

ஐரோப்பாவில் இப்போது இன்னொரு கூட்டம் உருவாகியிருக்கிறது. வானிலை நிலையங்கள் நாள்தோறும் ஏற்றும் ரேடியோசோண்டுகளைப் பெரும்பாலும் யாரும் தேடிப்போவதில்லை. இவர்கள் மலிவான யூ.எஸ்.பி. ரிசீவரை மடிக்கணினியில் செருகி, அதன் சிக்னலைப் பிடித்து, காரில் துரத்திப்போய், வேலியிலும் மரத்திலும் தொங்குவதை எடுத்து வருகிறார்கள். வைசாலா நிறுவனத்தின் ஆர்எஸ்41 என்றால் இரட்டிப்பு மகிழ்ச்சி. உள்ளே இருக்கும் மென்பொருளை மாற்றி எழுதினால், தங்கள் அடுத்த பலூனுக்கு வானொலி அனுப்பி இலவசம்.