கொல்லிமலையில் சைக்கிள் காலம்



கொல்லிமலை என்றதும் எல்லோரும் 70 கொண்டை ஊசி வளைவுகளைத்தான் சொல்வார்கள். அதில் சைக்கிள் மிதித்து ஏறி வேலைக்கு வர முடியாது. நாங்கள் சைக்கிள் ஓட்டியது மலைக்கு மேலே. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என்று ஊர்கள் அங்கே பரந்து கிடக்கின்றன.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இது சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல். பஸ் நேரமும் பள்ளி நேரமும் ஒத்துவராது. ஆசிரியர் வராவிட்டால் ஓராசிரியர் பள்ளிக்கு அன்று பூட்டுதான். அதனால் சைக்கிளே துணை.

மார்கழி, தையில் பனிமூட்டம் வழியை மறைக்கும். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும், வண்டி நிற்காது. எனவே இறக்கத்தில் இறங்கித் தள்ளுவோம். தள்ளும் வேகத்துக்கு டைனமோ விளக்கு மங்கிவிடும். பிறகு மணியை அடித்துக்கொண்டே நடப்போம்.

அப்போது மலையில் சைக்கிள் பெரும்பாலும் ஆண்கள் கையில்தான் இருந்தது. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு அதே பனியில் பெண் பிள்ளைகளின் மணியோசையும் கேட்டது. படிப்பு மலையேறிய வரலாற்றில் அந்த ஓசைக்கும் இடமுண்டு, பிள்ளைகளே.

உங்கள் சைக்கிள் நினைவுகளையும் எழுதுங்கள்.