டைனமோச் சுற்று

மொன்றியலில் யூலை முதலாந் திகதி வீடு மாறும் நாள். முன்பு இது மே முதலாந் திகதியாக இருந்தது. 1970களில் சட்டம் மாறியபின் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் யூன் 30உடன் முடிகின்றன. அன்று அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில், சலபெரி வீதி மாடிக் குடியிருப்புகளின் வாசலெங்கும் மெத்தை, மேசை, பழைய அம்பிளிபயர், ஸ்பீக்கர்ப் பெட்டிகள் கிடக்கும். எங்கள் வீட்டுப் பாட்டுப்பெட்டி இப்படித் தெருவோரத்தில் பொறுக்கிச் சேர்த்ததுதான்.

பொறுக்கியதைத் திருத்தப் பெரிய செலவில்லை. ஸ்பீக்கர்க் கூம்பைச் சுற்றியுள்ள நுரை விளிம்பு பதினைந்து, இருபது வருடத்தில் பொடியாய் உதிரும். புது விளிம்பு ஒட்டினால் மீண்டும் பாடும். கசெற் டெக்கின் இறப்பர்ப் பட்டி தளர்ந்துவிடும், மாற்றலாம். ஒலித்தலையை மதுசாரத்தால் துடைத்து, அதன் சாய்வைத் திருகாணியால் சரிசெய்தால் மங்கிய குரலும் தெளியும்.

இத்தனையும் செய்தது ஒரு கசெற்றுக்காக. 1993இல் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா பேசி அனுப்பியது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமற்போனது. தடைசெய்யப்பட்ட பொருட்களுள் பற்றரியும் ஒன்று. சனம் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டது. பி.பி.சி. தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் அப்படித்தான் பல வீடுகளுக்குள் வந்தன. டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற், அதுவும் ஆடலோட்டம். நாலு இருவாயிகளும் ஒரு கொள்ளளவியும் பொருத்தி நேரோட்டமாக்க வேண்டும். உயர்தர வகுப்புப் பௌதிகம் விறாந்தையில் நடந்தது.

கசெற் நாடா விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடவேண்டும். 1963இல் பிலிப்ஸ் கொண்டுவந்த அளவு அது. பதியும்போது மோட்டார் தளர்ந்து நாடா மெல்ல ஓடினால், பிறகு சரியான வேகத்தில் போடும்போது குரல் மேலேறிக் கீச்சிடும்.

பழைய பெட்டியில் அம்மாவின் குரல் இடையிடையே ஏறியதைத் தளர்ந்த பட்டியின் பிழை என்றே எண்ணியிருந்தேன். புதுப்பட்டி போட்டபின் கடையில் வாங்கிய கசெற்றுகள் ஆடாமல் ஓடின. அம்மாவின் குரலோ அதே இடங்களில் ஏறியது. கோயில் கொடியேறியதைச் சொல்லுமிடத்தில் ஒருதரம்; மாமாவின் செத்தவீட்டைச் சொல்லுமிடத்தில் நீண்டநேரம். தம்பியின் கை சோர்ந்த இடங்கள் அவை. "கை மாத்தடா" என்று அம்மா சொல்வதும் அப்போதுதான் முதன்முதலாக விளங்கியது. முன்பு அது வெறும் இரைச்சல்.

அந்த நாடாவில் தம்பி ஒரு சொல்லும் பேசவில்லை. அவனுடைய குரல் பதிந்த வேறு நாடாவும் எங்களிடம் இல்லை. 1995 இடப்பெயர்வுக்குப்பின் அவனும் இல்லை.

இப்போது கணினியில் ஏற்றி வேகத்தைச் சமன்செய்து தரலாம் என்று மகன் சொல்கிறான். ஏற்றிவைக்கச் சொன்னேன், வேகத்தில் கைவைக்கவேண்டாம் என்றேன்.