ஓவனும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம்... ஐப்பசி மழையில் பழ உருண்டை எத்தனை நாள் தாங்கும்? எதையெல்லாம் கவனிக்கணும்?

செப்டம்பர் பிறந்துவிட்டால் போதும், யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் 'நோ பேக்' பலகாரங்கள் வரிசைகட்டும். ஓட்ஸ், ஆப்பிள், பட்டைப் பொடி, மேப்பிள் சிரப். எல்லாவற்றையும் கலந்து உருட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால் 'இலையுதிர்கால ஸ்நாக்ஸ்' ரெடி. ஓவன் தேவையில்லை, அடுப்பு பற்றவைக்க வேண்டாம் என்பதால், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதற்கு நல்ல வரவேற்பு.

சரி, மாங்காட்டில் இலையுதிர்காலம் எப்போ வருது? வரவே வராது. அமெரிக்காவில் இலை பழுத்து உதிரும் அதே மாதங்களில் குன்றத்தூர், மாங்காடு, பூந்தமல்லி பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டும். ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்த தமிழ் மரபில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். துணியே காயாத அந்த ஈரக் காற்றில், வெளிநாட்டுச் செய்முறையை அப்படியே செய்து டப்பாவில் அடைத்து அலமாரியில் வைத்தால், இரண்டு மூன்று நாளில் வெள்ளையாகப் பூஞ்சை கட்டிவிடும். ஆகவே எந்தப் பழம், எந்த மாவு, எவ்வளவு இனிப்பு, எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் இந்த ஊருக்கு ஏற்ப மாற்றித்தான் ஆகணும்.

இந்தப் பருவத்துல என்ன பழம்?

ஊர்ப் பெயரிலேயே மா இருந்தாலும் ஐப்பசியில் மாம்பழத்தை எதிர்பார்க்க முடியாது. ஆவணி தொடங்கி தள்ளுவண்டிகளில் குவிவது சீத்தாப்பழம். கூடவே கொய்யா, மாதுளை, பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டி விளாம்பழம். இமாச்சல், காஷ்மீர் ஆப்பிளின் அறுவடைக் காலமும் இதுதான் என்பதால் கோயம்பேடு சந்தைக்கு வரத்து கூடும். விலையும் கொஞ்சம் இறங்கும்.

இதில் சீத்தாப்பழம் அடுப்பில்லாத பலகாரத்துக்கே பிறந்த பழம். அதன் சதையைச் சூடாக்கினால் நிறம் மாறி கசப்பு ஏறிவிடும். பாசுந்தியில் சேர்ப்பவர்கள்கூட பாலைக் காய்ச்சி ஆறவைத்த பிறகுதான் சதையைக் கலப்பார்கள். வீட்டில் செய்ய சுலபமான வழி: பழத்தைப் பிளந்து சதையை வழித்து, விதையைக் கையாலேயே பிரித்து எடுத்துவிட்டு, கெட்டித் தயிரும் நனைத்த அவலும் சேர்த்துப் பிசைந்து, மேலே ஒரு கைப்பிடி மாதுளை முத்து தூவுவது. சர்க்கரையே தேவைப்படாது. செய்த உடனே சாப்பிட்டுவிடணும்.

விதையை ஏன் கையால் எடுக்கணும், மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு வடிகட்டினால் ஆகாதா? ஆகாது. சீத்தாப்பழ விதையின் உள்ளே இருக்கும் பருப்பில் நச்சுத்தன்மை உண்டு. கிராமங்களில் அதைப் பூச்சிக்கொல்லியாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். பேன் தொல்லைக்காக விதைப்பொடியைத் தலையில் தேய்த்து, அது கண்ணில் பட்டு கருவிழி பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. முழு விதையைத் தெரியாமல் விழுங்கினால் அதன் கெட்டியான ஓட்டோடு வெளியே போய்விடும். மிக்ஸி பிளேடில் உடைந்தால்தான் சிக்கல்.

விளாம்பழத்துக்கு மிக்ஸியே வேண்டாம். பழுத்ததா என்று பார்க்க, ஒரு அடி உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். காய் என்றால் துள்ளும். பழம் என்றால் பொத்தென்று உட்கார்ந்துவிடும். உடைத்து, சதையை வழித்து, பொடித்த வெல்லமும் துளி ஏலக்காயும் போட்டுப் பிசைந்தால் முடிந்தது. இலங்கையில் இதே பழத்தைக் கரைத்துக் குடிக்கிறார்கள்.

கொய்யாவில் மட்டும் ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்தில் வரும் கொய்யாவில் பழ ஈ முட்டையிடுவது அதிகம், வெளித்தோல் பளபளவென்று இருந்தாலும் உள்ளே புழு இருக்கலாம். முழுசாக அரைக்காமல் நான்காக வெட்டிப் பார்த்துவிட்டு எடுப்பது நல்லது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் இருப்பதைப்போல் மூன்று நான்கு மடங்கு. இந்த வைட்டமின் சூட்டில் குறைந்துவிடும் என்பதால் சமைக்காமல் சாப்பிடுவதில் லாபம் உண்டு.

ஆப்பிள், பட்டைப் பொடி ஜோடியைக் கைவிட வேண்டியதில்லை. துண்டு போட்ட ஆப்பிளில் எலுமிச்சைச் சாறு பிசறினால் கறுக்காது. மாங்காட்டு வீடுகளில் எலுமிச்சைக்குப் பஞ்சமும் இருக்காது: காமாட்சி அம்மன் கோயிலுக்கு ஆறு வாரம் தொடர்ந்து எலுமிச்சம்பழத்தோடு போய் வருவது இங்கே பிரசித்தமான வேண்டுதல். பட்டை, கிராம்பு, சுக்கு சேர்ந்த அந்த 'இலையுதிர்கால மணம்' மேற்கே போனதும் இலங்கை, கேரளம், இந்தோனேசியா பக்கமிருந்து கப்பல் ஏறித்தான் என்பது தனிக்கதை.

ஓட்ஸுக்குப் பதிலா அவல்... ஏன்?

நோ பேக் பலகாரத்தில் பலரும் யோசிக்காத விஷயம் மாவு. அடுப்பில் வேகாத பண்டத்தில், பச்சை மாவில் இருக்கும் கிருமி அப்படியே வயிற்றுக்குப் போகும். பச்சைக் கோதுமை மாவு, மைதா இரண்டையும் வேகவைக்காமல் சாப்பிடக் கூடாது என்று அமெரிக்க உணவுத் துறைகள் பலமுறை எச்சரித்திருக்கின்றன. ஓட்ஸ் தப்பித்துக்கொள்வதற்குக் காரணம், அது ஆலையிலேயே ஆவியில் வெந்து தட்டையாக்கப்பட்டது.

அவலும் அப்படித்தான். நெல்லை வெந்நீரில் ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்குவது அவல். பொட்டுக்கடலையும் வறுபட்டே கடைக்கு வருகிறது. எள், வேர்க்கடலை இரண்டையும் வறுத்ததாக வாங்கினால் வேலை முடிந்தது. ஓட்ஸை விட விலையும் குறைவு, அண்ணாச்சி கடையிலேயே கிடைக்கும்.

கிருஷ்ண ஜெயந்திக்கு வெல்லம், தேங்காய் போட்ட அவல், முருகனுக்குத் தேனும் தினைமாவும், புரட்டாசி சனிக்கிழமை பெருமாளுக்கு மாவிளக்கு... அடுப்பில்லாத பலகாரம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. இதில் மாவிளக்கு மட்டும் ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவு. ஈர மாவு என்பதால் வேகமாகப் புளிக்கும். அன்றைக்கே பங்குபோட்டுச் சாப்பிட்டுவிடுவதில் அர்த்தம் இருக்கிறது.

கொய்யா அவல் உருண்டை: செய்வது எப்படி?

தேவையானவை: அவல் 100 கிராம், பொட்டுக்கடலை 50 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 50 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சை 100 கிராம், விதைப்பகுதி நீக்கிய கொய்யாச் சதை 100 கிராம், அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு.

முதலில் அவலையும் பொட்டுக்கடலையையும் நைசாகப் பொடித்து எடுத்து வைக்கணும். அதே மிக்ஸி ஜாரில் வேர்க்கடலையையும் பேரீச்சையையும் சேர்த்து விட்டு விட்டு அரைத்தால், கடலை எண்ணெய் விட்டு பேரீச்சையோடு ஒட்டிக்கொள்ளும். கொய்யாவை மத்தால் மசித்தாலே போதும்; அரைத்தால் தண்ணீர் விடும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து கால் மணி நேரம் மூடி வைக்கணும். கொய்யாவின் ஈரத்தை அவல் மாவு இழுத்துக்கொண்ட பிறகு உருட்டினால் கையில் ஒட்டாது. அவசரப்பட்டு நெய்யோ தண்ணீரோ ஊற்றிவிட்டால் உருண்டை பிடிக்கும், ஆனால் சீக்கிரம் கெடும். இந்த அளவுக்கு 20 உருண்டை வரும்.

பஞ்சாமிர்தம் கெடுறதில்ல, இது மட்டும் ஏன் கெடுது?

பழத்தை வைத்து அடுப்பில்லாமல் செய்யும் பண்டத்துக்குத் தமிழ்நாட்டின் பெரிய உதாரணம் பழனி பஞ்சாமிர்தம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பிரசாதத்தில் வாழைப்பழம், வெல்லம், நெய், தேன், ஏலக்காய், கூடவே பேரீச்சை, கற்கண்டு. ஒரு சொட்டு தண்ணீர் சேர்ப்பதில்லை. ஊருக்கு எடுத்துவந்து பல நாள் வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

அதைத் தாங்கவைப்பது இனிப்புதான். வெல்லமும் கற்கண்டும் பழத்தில் உள்ள தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அது கிடைப்பதில்லை. ஊறுகாயில் உப்பு செய்கிற வேலையை இங்கே சர்க்கரை செய்கிறது. 'ஹெல்தி' என்று இனிப்பைக் குறைத்தால் அந்தக் காவலும் குறைந்துவிடும்.

அதனால் கொய்யா போட்ட உருண்டைக்கு ஃப்ரிட்ஜ் கட்டாயம். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடணும். கெட்டுப்போகக்கூடிய உணவை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலை 8 மணிக்குக் கட்டிய டிபன் பாக்ஸ் 11 மணி இடைவேளையில் திறக்கப்படும் என்றால், பிள்ளைகளுக்குப் பழம் போட்ட உருண்டையைக் கொடுத்தனுப்புவது சரியல்ல. பள்ளிக்குக் கொய்யாவை விட்டுவிட்டு, அதற்குப் பதில் இன்னும் 50 கிராம் பேரீச்சையும் உலர்திராட்சையும் சேர்த்துச் செய்தால், காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே சில நாள் நிற்கும். பழத்தை வீட்டுக்கு வந்தபிறகு கொடுத்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் வேர்க்கடலையையும் ஒருமுறை முகர்ந்து பார்க்கணும். காறல் வாடை, கறுப்பு, பச்சைப் படலம் எது இருந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுவதே சரி. பூஞ்சை பிடித்த கடலையில் உருவாகும் அஃப்ளாடாக்சின் கல்லீரலுக்குக் கேடு. வறுத்தாலும் முழுசாகப் போகாது.

வெல்லம், தேன் போட்டா 'சுகர் ஃப்ரீ'யா?

இல்லை. இந்த வகைச் செய்முறைகளில் அதிகம் ஏமாற்றுவது இந்த ஒரு வார்த்தைதான். வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரையே. இரும்பு, பொட்டாசியம் கொஞ்சம் இருக்கிறது. அதற்காக ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது. தேனும் அப்படியே. பேரீச்சையில் நார்ச்சத்து உண்டு, ஆனாலும் 100 கிராமில் 60 கிராமுக்கு மேல் சர்க்கரை.

மேலே சொன்ன உருண்டையையே எடுத்துக்கொள்வோம். பேரீச்சை, கொய்யா இரண்டிலிருந்தும் சேர்த்து 70 கிராம் சொச்சம் சர்க்கரை. 20 உருண்டைக்குப் பிரித்தால் ஒன்றில் சுமார் மூன்றரை கிராம், கூடவே ஏறத்தாழ 60 கலோரி. இரண்டு சாப்பிட்டால் பரவாயில்லை. டி.வி. பார்த்துக்கொண்டே எட்டு உள்ளே போனால் 28 கிராம் சர்க்கரை, 480 கலோரி. சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது 6 டீஸ்பூனுக்குள் வைத்தால் கூடுதல் நன்மை என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு. முழுப் பழத்தில் இயல்பாக இருக்கும் சர்க்கரை அந்தக் கணக்கில் வராது. வெல்லம், தேன், பழச்சாறு மூன்றும் வரும். 

இதை இவ்வளவு கணக்குப் பார்க்கணுமா என்று கேட்டால், தமிழ்நாட்டில் பார்த்துத்தான் ஆகணும். ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாகின. நாட்டில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய், 13.6 கோடி பேர் அதன் விளிம்பில். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய். வீட்டில் தாத்தா, பாட்டிக்கு 'வெல்லம்தானே, ஒண்ணும் செய்யாது' என்று தட்டை நீட்டுவதற்கு முன்பு இந்த எண்ணை நினைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு உருண்டையை விட ஒரு கொய்யாவை நறுக்கிக் கொடுப்பது மேல்.

யாருக்குக் கொடுக்கக் கூடாது?

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த எதுவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா வித்து, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்கும். நாக்கில் தொட்டு வைக்கும் வழக்கத்துக்கும் இது பொருந்தும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழு வேர்க்கடலை, முழு முந்திரி தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு என்பதால் நைசாக அரைத்தே சேர்க்கணும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதாக இருந்தால் வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதில் தப்பில்லை.

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஆர்டர் எடுத்து விற்பவர்களுக்கு இன்னொரு விஷயம். சிறிய அளவில் வீட்டிலிருந்து விற்றாலும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தில் பதிவு செய்யணும். பாக்கெட்டில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, என்றைக்குச் செய்தது, என்றைக்குள் சாப்பிடணும் என்று எழுதுவது அவசியம்.

கரண்ட் போனா என்ன செய்யறது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையிலும் புறநகரிலும் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஃப்ரிட்ஜை நம்பிச் செய்த பண்டம் எதுவும் அப்படிப்பட்ட நாட்களில் தேறாது. திறக்காமல் வைத்தால் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். அதற்குமேல் ஆகிவிட்டால் பழம், தயிர் சேர்ந்த எதையும் ருசி பார்த்துச் சோதிக்காமல் கொட்டிவிடணும்.

ஐப்பசி பிறக்கும் முன்பே அவல், பொட்டுக்கடலை, வேர்க்கடலை, சுக்கு நான்கையும் பொடித்து ஈரம் படாத எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டால் மிக்ஸி ஓடாத நாளிலும் கவலையில்லை. தேவைப்படும்போது ஒரு வாழைப்பழத்தை மசித்து, இரண்டு கைப்பிடி பொடியைப் போட்டுப் பிசைந்தால் இரண்டு பிள்ளைகளுக்கு ஆகும். டப்பாவுக்குள் விடும் ஸ்பூன் மட்டும் காய்ந்ததாக இருக்கட்டும்.