பூவின் விலையா, போத்தலின் விலையா?

கட்டாரில் தொழில் புரியும் நண்பர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, பிரெஞ்சு "நிஷ்" கம்பனி ஒன்றின் ரோஜா வாசனைத் திரவியத்தை எமக்குக் காட்டினார். 50 மில்லிலீட்டர் போத்தல். விலை 200 யூரோவுக்கு மேல். ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்தை அப்படியே விழுங்கக்கூடிய தொகை. ஆவலோடு மணிக்கட்டில் தெளித்துப் பார்த்தோம். துவைத்துக் காயவைத்த சட்டையின் வாசம், கொஞ்சம் ஈரம், கொஞ்சம் ரோஜா. அவ்வளவுதான். லுஹருக்கு முன்பே அதுவும் போய்விட்டது.

"இதற்கா இவ்வளவு காசு?"

இந்தக் கேள்விக்கு வரலாற்றில்தான் விடை இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

பூவின் வாசம் ஒரு காலத்தில் உண்மையிலேயே விலை உயர்ந்த பொருள். கலீபா மஃமூனின் காலத்தில் பாரசீகத்தின் பார்ஸ் மாகாணம் பக்தாதுக்குச் செலுத்திய வருடாந்த வரியில் 30,000 போத்தல் பன்னீரும் அடங்கியிருந்ததாக இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் பதிவு செய்திருக்கிறார். பணத்தோடு சேர்த்துத் திறைசேரிக்குப் போகுமளவுக்குப் பன்னீருக்கு மதிப்பு இருந்தது.

அந்த மதிப்புக்குக் காரணம் உழைப்பு. 1 கிலோகிராம் ரோஜா எண்ணெய் எடுக்கச் சுமார் 3 முதல் 5 தொன் வரை பூ வேண்டும். அதையும் வெயில் ஏறுவதற்கு முன் கையால் பறிக்க வேண்டும். சூடான பன்னீரின் மேல் மிதந்த எண்ணெயைச் சிறுகச் சிறுகச் சேர்த்து ரோஜா அத்தர் செய்தவர் நூர்ஜஹானின் தாயார் என்று ஜஹாங்கீர் சக்கரவர்த்தி தமது நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அரண்மனைக்கே அது அதிசயமாக இருந்தது.

மல்லிகை இன்னும் கடினம். கொதிநீராவியில் அதன் வாசம் கெட்டுவிடும். ஆகவே பிரான்ஸின் தெற்கே உள்ள கிராஸ் நகரத்தார், கொழுப்புப் பூசிய கண்ணாடித் தட்டுகளில் பூக்களைப் பரப்பி, வாசத்தைக் கொழுப்பு உறிஞ்சும்வரை நாள்தோறும் பூ மாற்றினார்கள். தோல் பதனிடும் ஊர் அது. தோல் கையுறைகளின் நாற்றத்தைப் போக்கத் தொடங்கிய வேலை, பின்னர் உலகின் வாசனைத் தலைநகராக அந்த ஊரை மாற்றியது. இன்று எமக்குப் பக்கத்தில் தமிழ்நாட்டு மல்லிகையும் சாறாக்கப்பட்டு பிரெஞ்சுக் கம்பனிகளுக்குப் போகிறது.

பிறகு இரசாயனவியல் வந்தது. 1882இல் வெளிவந்த "ஃபூஜேர் ரோயால்" திரவியத்தில் ஆய்வுகூடத்தில் செய்யப்பட்ட கூமரின் சேர்க்கப்பட்டது. 1921இல் ஏர்னஸ்ட் போ உருவாக்கிய "ஷனேல் நம்பர் 5", கிராஸ் மல்லிகையையும் அல்டிஹைட் எனும் செயற்கைப் பொருட்களையும் ஒன்றாகக் கலந்தது. "லில்லி ஒஃப் த வெலி" பூவிலிருந்து பயன்படக்கூடிய எண்ணெய் எடுக்க முடியாது. எட்மண்ட் ருத்னிற்ஸ்கா 1956இல் "டியோரிஸிமோ"வில் அந்த வாசத்தை வேறு பொருட்களைக் கொண்டே கட்டியெழுப்பினார். மக்கள் மயங்கினார்கள்.

ஆக, செயற்கை என்பதால் மட்டும் ஒரு வாசம் சலிப்பூட்டுவதில்லை. 9ஆம் நூற்றாண்டில் வாசனை பற்றி அல்-கிந்தி எழுதிய நூலிலேயே, விலை கூடிய பொருட்களுக்குப் பதிலாகப் போலியைத் தயாரிக்கும் குறிப்புகள் இருக்கின்றன. போலி செய்வது பழைய கலைதான்.

அப்படியானால் இன்றைய பூ வாசனைகள் ஏன் உப்புச் சப்பில்லாமல் இருக்கின்றன? எமக்குத் தெரிந்து மூன்று காரணங்கள்.

முதலாவது, ஹெடியோன். மல்லிகையின் வாசக்கூறு ஒன்றைப் பின்பற்றிச் செய்யப்பட்ட இந்தப் பொருள், 1966இல் ருத்னிற்ஸ்காவின் "ஓ சோவாஜ்" மூலம் புகழ்பெற்றது. காற்றோட்டமான, மென்மையான வாசம். அன்று அது புதுமை. இன்று விலை குறைந்து எல்லாப் போத்தலுக்குள்ளும் புகுந்துவிட்டது.

இரண்டாவது, சுத்தத்தின் மீதான மோகம். உண்மையான மல்லிகையில் இண்டோல் இருக்கிறது. தனியாக முகர்ந்தால் அழுகல் வாடை போன்றிருக்கும். பூவுக்குள் இருக்கும்போது அதுதான் உயிர். வாங்குபவர் முகம் சுளிக்கக் கூடாது என்று அதைக் குறைத்துவிட்டால், மிஞ்சுவது சவர்க்கார வாசம்.

மூன்றாவது, சட்டம். பூ வாசனைகளில் தாராளமாகப் பயன்பட்ட லிலியால் எனும் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் தடைசெய்தது. உடல்நலத்துக்காக எடுத்த அந்த முடிவை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பல பழைய கலவைகளை மாற்றியமைக்க வேண்டியதாயிற்று.

சரி, வாசம் இளைத்தது. விலை ஏன் கொழுத்தது?

நிஷ் என்பது பெருஞ்சந்தையைத் தேடாத சிறு கம்பனிகளின் வழி. 1976இல் தொடங்கிய "லார்ட்டிசான் பர்ஃப்யூமர்" அதன் முன்னோடிகளில் ஒன்று. 2000இல் ஃபிரெடெரிக் மால், வாசனையை உருவாக்கிய கலைஞரின் பெயரையே போத்தலில் அச்சிட்டார். விளம்பரத்துக்குக் கொட்டும் காசைச் சரக்கில் போடுவோம் என்பதே அந்த இயக்கத்தின் நியாயம். அதில் அர்த்தம் இருந்தது.

பின்னர் பெரிய முதலைகள் வந்தன. எஸ்டே லோடர் 2014இல் "லே லாபோ"வை வாங்குவதாக அறிவித்தது. மாலின் நிறுவனமும் அதே கைக்குப் போனது. "லார்ட்டிசான்" 2015இல் ஸ்பெயினின் புய்க் நிறுவனத்திடம் சென்றது. அரிதானது என்ற பெயரும் அதற்கான விலையும் அப்படியே நின்றன. ஆனால் விமான நிலையக் கடைகளிலும் அவை அடுக்கப்பட்டன. அந்த விலையில் போத்தலுக்குள் இருக்கும் திரவத்தின் செலவு சிறு பங்குதான். மீதி பெட்டிக்கும் கடை வாடகைக்கும் இலாபத்துக்கும்.

பெட்டியில் "ரோஜா, மல்லிகை" என்று எழுதியிருப்பது மூலப்பொருள் பட்டியலும் அல்ல. எதை நினைவூட்டும் வாசம் என்பதற்கான வர்ணனை மட்டுமே. முழுக் கலவையை வெளியிட வேண்டும் என்று சட்டமும் கேட்பதில்லை.

இதைச் சொல்லி எமது கடைத்தெரு அத்தரைப் புகழ வரவில்லை. கன்னோஜில் சந்தன எண்ணெயில் இறக்கிய அத்தர் ஒன்று. திரவப் பரஃபினில் செயற்கை வாசம் கலந்து "அசல்" என்று விற்பது வேறொன்று. சில நூறு ரூபாவுக்கு அசல் ரோஜா அத்தர் கிடைக்காது. மேலே சொன்ன 3 தொன் பூவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள், புரியும்.

வெளிநாட்டிலிருந்து வரும் தம்பிமாரிடம் பெயர் சொல்லிப் போத்தல் கேட்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் முகர்ந்த முதல் பத்து நிமிடத்தை நம்பாதீர்கள். கையில் பூசிக்கொண்டு வெளியே வந்து, அஸர் வரை பொறுத்திருங்கள். அப்போதும் மணந்தால், அப்போதும் பிடித்தால், உங்கள் காசு உங்கள் விருப்பம். மணக்கவில்லையா? 200 யூரோ மிச்சம். அதில் வீட்டு முற்றத்துக்கு எத்தனையோ மல்லிகைக் கன்று வாங்கலாம்.