சமபந்தி: கரமனையைச் சுற்றி ஒரு வரலாறு

சாதி, சமயம் பாராமல் எல்லோரும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே அடுப்பில் வெந்ததை உண்ணும் வழக்கமே சமபந்தி. இன்று கல்யாண மண்டபத்தில் பக்கத்து இலைக்காரர் யார் என்று கேட்பவர் கிடையாது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் திருவனந்தபுரத்தில் அதுதான் முதல் கேள்வி. அன்னதானத்துக்கு அந்த ஊரில் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதில்தான் சத்தியமும் கடமையும் நீதியும் சோதனைக்கு வந்தன. அந்தச் சோதனையை முன்னின்று நடத்தியவர்களில் தமிழ் பேசியவர்களும் இருந்தார்கள்.

கரமனை, நகரின் தென்கிழக்கு வாசல். நாகர்கோவிலிலிருந்து வரும் பெருவழி ஆற்றைக் கடந்து தலைநகருக்குள் நுழைவது இங்கேதான். அகத்தியமலைத் தொடரில் பிறக்கும் கரமனை ஆறு 68 கிலோமீட்டர் ஓடி, திருவல்லத்துக்கு அப்பால் கடலில் கலக்கிறது. கரையை ஒட்டி, மலைக்குக் கிழக்கேயிருந்து வந்து குடியேறிய தமிழ்ப் பிராமணர்களின் அக்கிரகாரம். அங்கே குடிகொண்ட சிவனுக்குச் சத்தியவாகீசுவரர் என்று பெயர். திருநெல்வேலிச் சீமையில் களக்காட்டுச் சிவனுக்கும் அதே பெயர்தான். தமிழ்க் கீர்த்தனைகளால் அறியப்பட்ட நீலகண்ட சிவன் (1839–1900) இந்தத் தெருக்களில் வாழ்ந்தவர். சிறுவனாகத் திருவனந்தபுரத்துக்கு வந்த பாபநாசம் சிவனுக்குப் பாட்டின் திசை காட்டியது அவருடைய பஜனைதான்.

இப்படிப்பட்ட குடியேற்றங்களைத் தாங்கி நின்றது ஊட்டுப்புரை என்ற அரசின் இலவச உணவுச் சத்திரம். 1750இல் மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்த பிறகு, திருவிதாங்கூரில் தானம் என்பது அரசாங்கக் காரியமாகிவிட்டது. பெருவழிகளில் ஊட்டுப்புரைகள், கோயிலை ஒட்டி அக்ரசாலை, ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 56 நாள் நடக்கும் முறைஜபம் என எங்கும் இலை விழுந்தது. விழுந்த இலை பெரும்பாலும் பிராமணருக்கு. லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மடீர் 1871இல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய நூலுக்குத் தருமபூமி என்று பொருள்படும் தலைப்பை வைத்துவிட்டு, அந்தத் தருமம் யார் வயிற்றுக்குப் போகிறது என்று உள்ளே விளாசியிருக்கிறார். ஆள் சேர்க்க வந்தவரின் கண் அது என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் ஊட்டுப்புரைக்கான காசு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அவர் வாதத்தைத் தள்ளிவிடவும் முடியாது. நிலவரி போக, தலைவரியும் கூலியில்லா ஊழியமும் அடித்தட்டுச் சாதிகளின் தோளில் கிடந்தன. வரி கொடுத்தவனுக்குப் பந்தியில் இடமில்லை; ஊட்டுப்புரை நிற்கும் தெருவில் நடக்கவே பல சாதியினருக்கு உரிமை இல்லை.

முதல் மாற்றுப் பந்தி தலைநகரில் தோன்றவில்லை. தெற்கே, கன்னியாகுமரிக்கு அருகில் சாமித்தோப்பில் தோன்றியது. 1809இல் பிறந்த முத்துக்குட்டி, 1833 மாசியில் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்தார் என்பது அய்யாவழி மக்களின் நம்பிக்கை. அவர் செய்தவற்றைப் பட்டியல் போட்டால் பெரும்பாலும் தண்ணீரும் சோறும் துணியுமாகவே இருக்கும். எல்லாச் சாதியாரும் இறைத்துக் குளிக்க ஒரு முத்திரிக் கிணறு. முட்டுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, தலைப்பாகை கூடாது என்றிருந்த காலத்தில் தலைப்பாகையோடு வழிபாடு. வாகைப்பதியில் கடற்கரையோரம் எழுநூறு குடும்பங்கள் சேர்ந்திருந்த துவையல் தவசு: நாளுக்கு மூன்று முறை குளித்து, உடுத்ததைத் துவைத்து, பச்சரிசியும் சிறுபயறும் சேர்ந்த ஒருவேளைச் சோற்றை உண்டு வாழ்ந்தார்கள். தீண்டத்தகாதவர் அழுக்கானவர் என்று சொன்ன ஊருக்கு அவர்கள் வாயால் பதில் சொல்லவில்லை.

அரசு இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவாதித் திருநாள் ஆட்சியில் வைகுண்டர் கைது செய்யப்பட்டுத் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைக்கப்பட்டார். மூன்று மாதத்துக்கு மேல் இருந்து 1839 மார்ச்சில் வெளியே வந்தார். இன்றும் மாசி மாதம் அவதார நாளுக்கு முந்தைய தினம், திருவனந்தபுரத்திலிருந்து ஓர் ஊர்வலமும் திருச்செந்தூரிலிருந்து இன்னொன்றும் புறப்பட்டு நாகர்கோவிலில் கூடி, மறுநாள் சாமித்தோப்புக்குப் போகின்றன. வைகுண்டர் 1851இல் மறைந்த பின் இந்த இயக்கத்தைக் காத்தவை ஊர்ஊராக எழுந்த நிழல் தாங்கல்கள். கூரை வேய்ந்த எளிய இடங்கள். அங்கே வழிபாடு, எழுத்துப் பயிற்சி, பொதுவாகச் சமைத்த சோறு. சாமித்தோப்பில் பரிமாறும் உம்பான் சோறு அந்த மரபின் தொடர்ச்சி. 1841இல் அரிகோபாலன் சீடர் ஏட்டில் எழுதிய அகிலத்திரட்டு அம்மானையில் தர்மமும் நீதியும் வானத்து விஷயங்களாக வருவதைவிட, வரியாகவும் ஊழியமாகவும் கீழே இறங்கி வருவதே அதிகம்.

ஆனால் துவையல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்டவர்களே. மேலே இருந்தவன் இறங்கி வந்து பக்கத்தில் உட்காருவது வேறு சங்கதி. அது நடந்தது கரமனையிலிருந்து கூப்பிடு தொலைவில், தைக்காட்டில்.

தைக்காடு அய்யாவு சுவாமிகள் (1814–1909) தமிழர், இயற்பெயர் சுப்பராயர். 1873 முதல் தைக்காட்டிலிருந்த பிரிட்டிஷ் ரெசிடென்சியில் சூப்பிரண்டாக வேலை பார்த்ததால் ஊரார் வாயில் ‘சூப்பிரண்டு அய்யாவு’. பகலில் வெள்ளைக்காரர் அலுவலகக் கணக்கு, மற்ற நேரத்தில் யோகமும் சித்தாந்தமும் கற்பிக்கும் ஆசான். கேரள மறுமலர்ச்சி என்று இன்று பாடநூல்கள் சொல்வதன் மூலவர்களான சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். தைப்பூசத்தன்று அவர் தம் இடத்தில் எல்லாச் சாதியாரையும் அழைத்துச் சோறு போட்டார். அந்தப் பந்தியில் பிராமணரும் உண்டு, புலையர் சமூகத்தில் பிறந்த அய்யன்காளியும் உண்டு. ஆதிக்கச் சாதியார் அவரைப் பழித்துப் பேசினார்கள். அவரைத் தொட முடியாமல் போனதற்கு ஆன்மிக மகிமை மட்டும் காரணமாக இருந்திருக்காது. ரெசிடென்சி வேலை ஒரு கேடயம். சீர்திருத்த வரலாறு எழுதுபவர்கள் இதை அதிகம் சொல்வதில்லை. சொன்னாலும் அவர் பெருமை குறையாது: அதே கேடயம் கையிலிருந்த எத்தனையோ அதிகாரிகள் அப்படியொரு இலை போடவில்லை.

அய்யன்காளி (1863–1941) அந்தப் பந்தியோடு நிற்கவில்லை. கரமனையிலிருந்து தெற்கே, விழிஞ்ஞம் பக்கத்து வெங்ஙானூர்க்காரர். 1893இல் தடைசெய்யப்பட்ட பொதுவழியில் வில்வண்டி ஓட்டிப் போனார். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காதவர்களின் வயலில் இறங்குவதில்லை என்று புலையர் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நெற்பயிர் வளர்த்தவர்கள் வீட்டில் அடுப்பு அணைந்தது. அப்போது அய்யன்காளி செய்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது: விழிஞ்ஞம் மீனவர்களிடம் பேசி, போராடும் குடும்பங்களிலிருந்து ஆளை எடுத்துக் கடலுக்குக் கூட்டிப்போகச் செய்தார். பட்டினிக்குப் பதிலாக வேலை. அதுவும் இன்னொரு எளிய சமூகத்தின் தோணியில். சங்கம் தன் மக்களின் வழக்குகளைத் தீர்க்கத் தானே நீதிமன்றமும் நடத்தியது. 1911இல் அவர் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினரானார். நகரின் நடுவிலிருக்கும் பழைய விக்டோரியா ஜூபிலி டவுன்ஹால் 2019 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வீட்டுக்குள் நடந்த பந்தியைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் சகோதரன் அய்யப்பன். 1917 மே 29, கொச்சிப் பக்கம் செராயி. ஈழவர் இளைஞர்கள் புலையரோடு அமர்ந்து உண்ட அந்த ‘மிஸ்ரபோஜனம்’ முன்கூட்டியே அறிவித்து நடத்தப்பட்டது. எதிர்ப்பு முதலில் வந்தது மேலேயிருந்து அல்ல. சொந்தச் சாதியிலிருந்தே ஊர்விலக்கு. எதிரிகள் கேலியாக வைத்த ‘புலையன் அய்யப்பன்’ என்ற பட்டத்தை அவர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்.

அகத்தியமலையின் இந்தப் பக்கம் கரமனை ஆறு. அந்தப் பக்கம் தாமிரபரணி. அதன் கரையில் சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் 1922இல் குருகுலம் தொடங்கினார். காங்கிரஸ் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தது. தேசத்துக்காக எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் இடத்தில் இரண்டு பிராமண மாணவர்களுக்குத் தனியே சாப்பாடு என்ற செய்தி வெளியே வந்ததும் காங்கிரஸ் தலைவர்களான வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தார்கள். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்றார் ஐயர். இருக்கும் இருவர் தனியே உண்ணட்டும், இனிச் சேருபவர்கள் கூடாது என்று சமரசம் சொல்லிப் பார்த்தார் காந்தி. யாருக்கும் அது பிடிக்கவில்லை. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். பிரிட்டிஷ் அரசைத் துப்பாக்கியால் விரட்ட நினைத்த மனிதரை இரண்டு தட்டுச் சோறு கவிழ்த்தது என்று சொன்னால் மிகையில்லை. தமிழக அரசியலில் பிராமணர் – பிராமணர் அல்லாதார் பிளவு கூர்மையடைந்ததில் இந்தச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் பெரிய பங்குண்டு.

அதே ஆண்டுகளில் வைக்கம். 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய அந்தப் போராட்டம், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லாச் சாதியாரும் நடப்பதற்கானது. ஆயினும் அங்கேயும் சோறு வந்துவிட்டது. பஞ்சாபிலிருந்து வந்த அகாலி சீக்கியர்கள் போராட்டக்காரர்களுக்கு இலவச சமையல்கூடம் திறந்தார்கள். காந்திக்கு அது உடன்பாடில்லை. பட்டினி கிடக்காதவர்களுக்கு வெளியூர்க்காரர் சோறு போடுவது கேரளத்தாரின் சுயமரியாதைக்கு இழுக்கு என்பது அவர் நிலை. கூடம் மூடப்பட்டது. லங்கர் என்ற பொதுச் சமையல்கூடத்தில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்காருவது சீக்கியர்களுக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம். அதைவிடப் பொருத்தமான பாடம் வைக்கத்துக்குக் கிடைத்திருக்குமா என்று இன்று நினைக்கத் தோன்றுகிறது. இந்தப் போராட்டத்தில் இரண்டாம் முறை கைதான பெரியார் அடைக்கப்பட்டிருந்தது கரமனையை அடுத்த பூஜப்புரை மத்திய சிறையில். 1924 ஆகஸ்டில் மகாராஜா மூலம் திருநாள் மறைந்த பிறகு அவர் விடுதலையானார். 1936 நவம்பர் 12 அன்று, திருவிதாங்கூர்க் கோயில்களை எல்லாச் சாதியாருக்கும் திறந்த ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் உணவகத்திலும் அதன் பாத்திரங்களிலும் வேற்றுமை பாராட்டுவதைத் தண்டனைக்குரியதாக்கியது.

சட்டம் வந்த பிறகும் பந்தி பிரிந்தே இருந்த இடங்களைத் தேடித் தேடிப் போனவர் சுவாமி ஆனந்ததீர்த்தர். தலைச்சேரியில் கௌட சாரஸ்வதப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர்; சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர்; நாராயண குருவிடம் துறவு பெற்றவர். 1950களில் ஹரிஜன சேவக சங்கத்துக்காக மதுரை, மேலூர்ப் பக்கம் தலித் மக்களை அழைத்துக்கொண்டு தேநீர்க் கடைகளுக்குள் நுழைந்தார், முடிதிருத்தும் நிலையங்களுக்கும் கிணறுகளுக்கும் போனார், அடி வாங்கினார். 1980களின் தொடக்கத்தில், முதுமையிலும், குருவாயூர்க் கோயிலில் பிராமணருக்கென்றே நடந்த சிறப்பு விருந்தை எதிர்த்துப் பந்தியில் உட்கார்ந்து அங்கேயும் அடி வாங்கினார். அதன்பின் அந்த விருந்தின் பிரிவினை நீங்கியது. இவரைப் பற்றித் தமிழ்நாட்டில் அதிகம் பேர் அறியாதது வியப்பு.

தமிழ்நாட்டில் சமபந்தி அரசு விழாவாகவும் மாறியிருக்கிறது. சுதந்திர தினத்தன்று பெரிய கோயில்களில் நடக்கும் பொது விருந்தில் அமைச்சரும் ஆட்சியரும் இலை முன் அமர்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் படம். பந்தி ஆண்டுக்கு ஒருநாள் என்றாகிவிட்டால் அது அய்யாவு சுவாமிகளின் தைப்பூசத்துக்குத் திரும்பிப் போவதுதான்; அவருக்கிருந்த ஆபத்து மட்டும் இல்லை.

திருவனந்தபுரத்தில் இப்போது சோறு வேறு வடிவங்களில் சுற்றுகிறது. ஆற்றுக்கால் பொங்காலையன்று கரமனை உட்பட நகரின் தெருக்களெல்லாம் செங்கல் அடுப்புகள்; 2009இல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸில் பதிவு. எந்த அடுப்புக்குப் பக்கத்தில் எந்த அடுப்பு என்று எவரும் பார்ப்பதில்லை. பொங்காலை முடிந்ததும் மாநகராட்சி செங்கற்களை அள்ளிச் சேர்த்து, லைஃப் வீட்டுத் திட்டத்தின் ஏழைகளுக்குக் கொடுத்திருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வாசலில், வீடுவீடாகச் சேகரித்த பொதிச்சோற்றை இளைஞர் அமைப்பான டி.ஒய்.எஃப்.ஐ. 2017 முதல் நோயாளிகளுக்கும் துணைக்கு வந்தவர்களுக்கும் கொடுத்து வருகிறது. பொதியைக் கட்டிய கை எந்த வீட்டுக் கை என்பது வாங்குபவருக்குத் தெரியாது. குடும்பஸ்ரீ பெண்கள் நடத்தும் மக்கள் உணவகங்கள் 2020இல் 20 ரூபாய்க்குச் சாப்பாடு போட்டன. அரசு மானியம் நின்றபின் விலை ஏறியது.

கூட உட்காருவதில் தகராறு ஓய்ந்ததும், இலையில் என்ன விழ வேண்டும் என்ற தகராறு தொடங்கியது. 2023 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த பள்ளிக் கலைவிழாவில், ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஏன் சைவம் மட்டும் என்ற கேள்வி எழுந்தது. கலைவிழாப் பந்திகளுக்குப் பல ஆண்டுகளாகச் சமைத்துவந்த பழயிடம் மோகனன் நம்பூதிரியின் சாதி விவாதத்துக்குள் இழுக்கப்பட்டது; இனிக் கலைவிழாவில் சமைப்பதில்லை என்று அவர் அறிவித்தார். அடுத்த ஆண்டு அசைவமும் பரிசீலிக்கப்படும் என்றார் அப்போதைய கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி. 2021இல் அவரைத் தேர்ந்தெடுத்த நேமம் தொகுதிக்குள்தான் கரமனை வருகிறது. 2024இல் கொல்லத்தில் விழா நடந்தபோது பந்தியில் சைவமே பரிமாறப்பட்டது, சமைத்தவரும் பழயிடம்தான்.